அந்த நான்காவது கட்டத்தை எடுக்காதே

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். குக்கர் விசில் அடிக்கிறது என்றேன். அன்றைக்குக் குக்கர் அடுப்பிலேயே ஏறவில்லை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அவருக்கும் அந்தப் பதில் தெரியாது. இத்தனை வருடமாக அதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டது சாதாரணக் கேள்விதான். "லேப் ரிப்போர்ட் டெம்ப்ளேட்ட புதுசா எழுதிக்கிட்டு இருக்கேம்மா. அந்த நாலாவது கட்டத்த மட்டும் தூக்கிரவா? கலரும் அம்புக்குறியுமே எல்லாத்தையும் சொல்லிருது. போன்ல பாக்குறப்ப அது எடத்த அடைக்குது. ஏம்மா அது ஒன்னுக்கு மட்டும் இம்புட்டு அடம் புடிக்கிற?" என்றாய். அடம்தான். உனக்கு அடம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் விளக்கித்தான் எழுதப் போகிறேன். இந்தக் கடிதத்தை இன்னும் இரண்டு பேர் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு நம் தொழில் தெரியாது. அதனால் 'இதெல்லாம் எனக்கெதுக்கு' என்று அலுத்துக்கொள்ளாமல் பொறுமையாகப் படி.

நீ ஐந்தாவது படிக்கும்போது திருச்சியில் இருக்கிற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்தேன். ஊர்களில் இருக்கிற சின்னச் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு அவர்கள் சாஃப்ட்வேர் விற்றார்கள். கணக்குப் போடுவது, சேமிப்பது எல்லாம் அவர்கள் பாடு. ஆள் பார்க்கிற பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பது என் பாடு. பெயர் எழுதும் படிவம், ரசீது, ரிப்போர்ட் மூன்றுக்கும் எச்.டி.எம்.எல். என்ற கணினி மொழியில் அச்சு ஒன்று செய்து கொடுத்துவிட்டால், அதில் ஆளுக்கு ஆள் விவரங்கள் போய் உட்காரும். அந்த அச்சைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். முதல் இரண்டு வருடம் நான் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் அந்த வரியிலேயே வண்ணம் எழுதி வைத்திருந்தேன். அறந்தாங்கியில் ஒருத்தர் 'தலைப்பு எங்க போர்டு மாதிரி பச்சையா வேணும்' என்று கேட்டால், உட்கார்ந்து நூற்றுக்கணக்கான இடங்களில் நீலத்தைப் பச்சையாக்குவேன். ஒரு இடத்தை எப்படியும் விட்டுவிடுவேன். அது என்றைக்காவது ஒரு நாள் நீலமாகப் பல்லைக் காட்டும்.

பிறகுதான் புத்தி வந்தது. வண்ணம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் பிரித்தெடுத்துத் தனியாக ஒரு ஸ்டைல் கோப்பில் வைத்தேன். கோப்பின் தலைப்பில் ஏழெட்டு வரிகள். அதில் ஒரு வரியை மாற்றினால் மொத்தப் பக்கமும் மாறும். யாரும் என்னிடம் கேட்க வேண்டியதில்லை, அவரவர் லேபுக்கு அவரவரே வண்ணம் போட்டுக்கொள்ளலாம். திருச்சி முதலாளி கூட்டத்தில் வைத்துப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. 'எத வேணும்னாலும் ஒரே வரியில மாத்தலாம்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாறக் கூடாதது என்று ஏதாவது இருக்கிறதா என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

அப்போது திருமயத்தில் லேப் வைத்திருந்தவர் ஒருத்தர் கூப்பிட்டார். நல்ல மனிதர், பேச்சில் மரியாதை இருக்கும். "மேடம், ரிப்போர்ட்ல அளவு கூடுனா பக்கத்துல ஹெச்சுன்னு ஒரு எழுத்து வருதுல்ல, அத எடுத்துருங்க. ஆளுக அது என்னன்னு கேட்டே உசுர எடுக்குறாங்க. செவப்பும் ரொம்பப் பளிச்சுன்னு அடிக்குது. பாத்தவொடனே பயந்துர்றாங்க. கொஞ்சம் எளசாப் போடுங்களேன்" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்த எழுத்தை எடுத்தேன். சிவப்பைக் கரைத்து ரோஜா நிறமாக்கினேன். ஒரே வரிதான். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. திரையில் அழகாகக்கூட இருந்தது. அளவு கூடியிருக்கிறது என்ற செய்தி அதற்குப் பிறகு அந்த ரிப்போர்ட்டில் வேறு எங்கேயும் இல்லை, அந்த ரோஜா நிறத்தில் மட்டும்தான் இருந்தது.

உன் அத்தை புது வீட்டுக்குப் பால் காய்ச்ச அழைக்க வந்தது உனக்குத் தெரியாது, நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். குவைத்திலிருந்து மாமா அனுப்பி அனுப்பிக் கட்டின வீடு. தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை என்று மேகலா தாம்பூலத் தட்டோடு திருமயத்திலிருந்து முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டாள். அண்ணனுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அடுப்படிக்குள் வந்து, அதே பையில் பத்திரிகைக் கட்டுக்கு நடுவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ரத்தம் பார்த்த ரிப்போர்ட். லேபிலிருந்து போனுக்கு அனுப்பியிருந்தார்கள், இவள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து வந்திருந்தாள். பத்திரிகைகளின் மூலையில் தடவியிருந்த மஞ்சள் அதிலும் ஒட்டியிருந்தது.

"அண்ணி, நீங்கதான இந்த ரிப்போர்ட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல போடுறீங்க. செத்த பாத்துச் சொல்லுங்க. இத எடுத்துக்கிட்டு டாக்டர இப்பவே போய்ப் பாக்கணுமா, பால் காய்ச்சிட்டுப் போனாப் போதுமா?"

நான் வாங்கிப் பார்த்தேன். என் டெம்ப்ளேட்தான், பார்த்ததும் தெரிந்தது. கோடெல்லாம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா, அத்தையின் பெயர் சரியான இடத்தில் வந்திருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். புத்தி போகிற இடத்தைப் பார். பிறகு சிவப்பு எங்காவது இருக்கிறதா என்று ஒரு நோட்டம் விட்டேன். கறுப்பு வெள்ளைக் காகிதத்தில் சிவப்பைத் தேடினேன் தம்பி. வேறு யாராவது இருந்திருந்தால் எண்ணைப் படித்திருப்பார்கள். பக்கத்தில் போட்டிருக்கிற இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டிருப்பார்கள், புரியாவிட்டால் தெரியாது என்றாவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம், அதனால் நான் படிக்கவே இல்லை.

"செவப்பா ஒன்னும் இல்ல மேகலா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. பால் காய்ச்சிட்டு நிம்மதியாப் போ" என்று சொல்லிக் காகிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

ரோஜா நிறம் கறுப்பு வெள்ளையில் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பலாகும். நல்லபடி இருந்த அளவெல்லாம் கரேலென்று கறுப்பில் விழுந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்ன அந்த ஒரு எண் மட்டும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வெளிறிப் போயிருந்தது. எது கண்ணில் முதலில் பட வேண்டுமோ அதைக் கடைசியாகப் படுகிற மாதிரி நானே செய்து வைத்திருந்தேன்.

பால் காய்ச்சுவது தள்ளித் தள்ளிப் போனது உனக்குத் தெரியும். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை, பிறகு மர வேலை முடியவில்லை. ஐந்து மாதம் ஓடிவிட்டது. விசேஷத்தன்று மேகலாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தது, நின்று நின்று வீங்கிவிட்டது என்றாள். மறு வாரம் மூச்சு விட முடியாமல் திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டார். மஞ்சள் ஒட்டிய அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு, "இதிலேயே ஏறித்தானேம்மா இருக்கு. அப்பவே வந்திருந்தா மருந்துலயே கொஞ்ச வருஷம் ஓட்டியிருக்கலாம். இத யாரு பாத்தது?" என்று கேட்டார்.

நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மேகலா, "லேபுல ஒன்னும் சொல்லல சார்" என்றாள். மறந்து அப்படிச் சொன்னாளா, அண்ணியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் நீளுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அது முதல் பொய். இரண்டாவது அதைவிட மோசம். உன் அப்பா கோபம் அடங்காமல் திருமயத்துக்குப் போய் அந்த லேப்காரரை நாலு பேர் முன்னால் வைத்துக் கண்டபடி பேசினார். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "அண்ணே, நீங்களே பாருங்க, கலர்லதான போட்ருக்கு. நான் என்னண்ணே பண்ணுவேன்" என்று கெஞ்சுகிறார். நான் வாசல்படியில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவரிடம் ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. மறு வருடம் கடையை மூடிவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். நீ கேட்ட பிறகுதான் நம்பர் தேடிப் பிடித்து அவரிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எளசாப் போடச் சொன்னது நான்தான மேடம். அத நெனைக்காத நாளு இல்ல" என்றார். அவரும் அத்தனை வருடம் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நான் முதலிலேயே பேசியிருந்தால் பாதிச் சுமையாவது அவருக்குக் குறைந்திருக்கும்.

திருச்சியிலிருந்து வந்த அன்றைக்கே நான்காவது கட்டத்தைச் சேர்த்தேன். பரிசோதனை, அளவு, இருக்க வேண்டிய அளவு, நிலை. நிலை என்ற கட்டத்தில் 'அதிகம்', 'குறைவு', 'சரி' என்று வார்த்தையாகவே வரும். எந்த லேபும் எந்த வண்ணமும் பூசிக்கொள்ளட்டும், கத்தரிப்பூ நிறத்தில் தலைப்பு வைக்கட்டும், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் வார்த்தையை அவர்கள் ஸ்டைல் கோப்பு தொட முடியாது, அது பக்கத்தின் எலும்பிலேயே இருக்கிறது. அச்செடுக்கும்போது எல்லா எழுத்தும் கறுப்பாகவே விழும்படி செய்தேன். மேலே 'இந்தக் கட்டத்தை எடுக்காதே' என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அதைப் பார்த்துத்தானே நீ என்னைக் கூப்பிட்டாய்? காரணம் சொல்லாத எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்? காரணத்தை எழுதினால் என் பெயரை எழுத வேண்டியிருந்தது, அதனால் எழுதாமல் விட்டேன்.

இப்போது உன் அம்புக்குறிக்கு வருகிறேன். அத்தைக்கு அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், சிறுநீரகத்தைக் கெடுத்த அதே சர்க்கரையால் கண்ணும் மங்கிவிட்டது. மாதா மாதம் ரத்தம் பார்க்கிறார்கள், ரிப்போர்ட்டைப் போன்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறது. முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "என்ன அண்ணி, ஒங்க ரிப்போர்ட்டு திக்கித் திக்கிப் பேசுது? நாலு புள்ளி ஆறுங்குது, எது நாலு புள்ளி ஆறுன்னு சொல்ல மாட்டேங்குது. கீழ போனா பட்டன், பட்டன், பட்டன்னு கத்துது. எந்தப் பட்டன்னு நான் எங்கிட்டுப் போய்க் கேக்க?" டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு அப்படிக் கேட்கிறாள், பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்புறம் அவள்தான் எனக்குப் பரிசோதகர். அழகுக்காக வெறும் பெட்டிகளை அடுக்கி அட்டவணை மாதிரி காட்டியிருந்ததைக் கலைத்துவிட்டு, நிஜமான அட்டவணையாகச் செய்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்புக் கட்டம், ஒவ்வொரு பொத்தானுக்கும் அது என்ன செய்யும் என்று ஒரு பெயர். படிவத்தில் பெட்டிக்குள்ளே மங்கலாக 'பெயர்' என்று எழுதிவிட்டால் போதும் என்றிருந்தேன். தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துவிடுகிறது, என்ன கேட்டார்கள் என்பதே மறந்துவிடுகிறது என்றாள். வெளியே லேபிள் வைத்தேன். இப்போது அவள் போன் 'பொட்டாசியம், அளவு இவ்வளவு, நிலை, அதிகம்' என்று தெளிவாகச் சொல்லும். சொன்ன அன்றைக்கு அவள் பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தொடமாட்டாள். நீ அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு வெறும் அம்புக்குறிப் படத்தை வைத்தால், பெயர் இல்லாத படத்தைப் போன் வாசிக்காமல் தாண்டிப் போய்விடும். சின்னத் திரையில் மட்டும் மறைத்துவிடலாம் என்று நினைக்காதே, அப்படி மறைத்தாலும் அது வாசிக்காது. உன் புது டெம்ப்ளேட் முதலில் ஊமையாக்கப் போவது உன் மாமியாராகப் போகிற அத்தையின் ரிப்போர்ட்டைத்தான். இடம் பற்றவில்லை என்றால் நிலையை அளவுக்குக் கீழே இறக்கிக்கொள். அதெல்லாம் உன் சாமர்த்தியம், அதில் நான் தலையிடமாட்டேன். நீ எழுதுவது என்னுடையதைவிட எவ்வளவோ சுத்தமாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நாக்கு அழுகிவிடும்.

உனக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. ஒரு பக்கத்தைச் செய்து முடித்ததும் வண்ணத்தை எல்லாம் கழற்றிவிட்டுப் பார். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, மை தீர்ந்துபோன ஜெராக்ஸ் கடையில் இன்னொரு நகல் எடுத்துப் பார். மவுஸைத் தொடாமல் வெறும் கீபோர்டில் போய்ப் பார். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டுப் பார். அப்போதும் சொல்ல வேண்டியது போய்ச் சேர்கிறதா என்று பார். முக்கியமாக, உனக்கு மனப்பாடமான பக்கத்தைப் பற்றி உன்னையே கேட்காதே. தெரியாத ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு, நடுவில் புகுந்து விளக்காமல் சும்மா உட்கார்ந்திரு. இதில் கடைசியாகச் சொன்னது குடும்பத்துக்கும் ஆகும் என்று நினைக்கிறேன். எனக்கு வரவில்லை, உனக்காவது வரட்டும்.

ரம்யா உன் அத்தை மகள் என்பதால் மட்டும் இந்தக் கல்யாணம் முடிவாகவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பிரியப்பட்டுத்தான் கேட்டீர்கள். கேட்ட அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும் பட்டேன், எனக்குப் பயமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை தோறும் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு வருகிற பெண் அவள். எந்த வீட்டுக்கு வருகிறோம், யாரை மாமியாராக ஏற்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்த பிறகு வேண்டாம் என்று சொன்னால், தம்பி, நீ எனக்காக அவளிடம் வாதாடாதே. அவளைச் சமாதானப்படுத்தாதே. என்னிடம் கோபப்படுவதானால் படு, அது நியாயம்.

இதைக் காகிதத்தில் எழுதவில்லை என்று நீ கவனித்திருப்பாய். நம்முடைய பழைய டெம்ப்ளேட்டிலேயே ஒரு பக்கமாகச் செய்திருக்கிறேன். வண்ணம் கிடையாது. உனக்கும் ரம்யாவுக்கும் மேகலாவுக்கும் ஒரே நேரத்தில் ஒரே இணைப்பு வரும். உன் அப்பாவிடம் நான் நேரிலேயே சொல்லிவிடுவேன். அனுப்புவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு போனை வாசிக்கவிட்டு முழுவதும் கேட்டேன். 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று நான் சொன்ன இடத்தையும் அந்தக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தது. எங்கேயும் திக்கவில்லை.

மேகலா, நீ இதுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்தது லேப்காரர் இல்லை, நான். டாக்டர் கேட்டபோது பேசாமல் நின்றதும் நான். வெள்ளிக்கிழமை வழக்கம்போல உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதும் நான்தான். காலையில் திருமயம் பஸ் வருகிற நேரத்துக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன். நான் கூட வரவா, வேண்டாமா என்று நீ இறங்கியதும் சொல்.